நைட்ரஜன் காற்று: பச்சை மூடிக்குக் கொடுக்கும் காசு வீணா?

வீல் அலைன்மென்ட் முடிந்ததும் டயர் கடையில் அடுத்த கேள்வி வந்துவிடும்: "சார், நைட்ரஜன் போட்டுடலாமா? ஆறு மாசத்துக்குக் காத்து பாக்கவே வேணாம்." தலையாட்டினால் நான்கு வால்விலும் பச்சை மூடி ஏறும், பில்லில் ஒரு வரி கூடும். தொகை பெரிதல்ல. வெறும் டாப்-அப் என்றால் சக்கரத்துக்குப் பத்து, இருபது ரூபாய். பழைய காற்றை இறக்கிவிட்டு முழுதாக மாற்றினால் அதைவிடக் கூடுதல். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். அதே தெருவில் இருக்கும் பெட்ரோல் பங்கில் சாதாரணக் காற்று இலவசம். எண்ணெய் நிறுவனங்களின் விதிப்படி பங்குகள் அதை இலவசமாகத்தான் தர வேண்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நைட்ரஜன் ஏமாற்று வேலை அல்ல. அது சொல்லும் வேலையைக் கொஞ்சம் செய்கிறது. ஆனால் அது மெதுவாக்குவது, டயரில் இருக்கும் கசிவுகளிலேயே ஆகச் சிறியதை. வாரத்துக்கு ஒரு முறை இறங்கிக் கிடக்கும் சக்கரத்துக்கு நைட்ரஜன் போடுவது, ஓட்டையை அடைக்காமல் விலை உயர்ந்த காற்றை அதில் விடுவதுதான். "ஆறு மாசம் பாக்க வேணாம்" என்ற வாக்குறுதிதான் இந்தச் சேவையின் மோசமான பகுதி. அதை நம்பிக் காற்று பார்ப்பதை விட்டவர்களுக்கு நைட்ரஜன் நன்மையைவிடத் தீமையே செய்கிறது.

ஓட்டை இல்லாத டயரும் ஏன் இறங்குகிறது

டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் கையால் தடவினால் வழவழப்பாக ஒரு படலம் தெரியும். இன்னர் லைனர் என்பார்கள். முன்பு டியூப் செய்த வேலையை இப்போது அதுதான் செய்கிறது. அதில் இருப்பது பியூட்டைல் வகை ரப்பர், பெரும்பாலும் குளோரின் அல்லது புரோமின் சேர்த்த பியூட்டைல். இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு இறுக்கமாகக் காற்றைப் பிடித்துவைக்கும். ஆனாலும் ரப்பர் எதுவும் கண்ணாடி அல்ல. அழுத்தத்தில் இருக்கும் வாயு மூலக்கூறுகள் ரப்பருக்குள் கரைந்து, ஊடுருவி, மறுபக்கம் வெளியேறிக்கொண்டே இருக்கும். எந்த ஓட்டையும் இல்லாத நல்ல டயரே மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ (டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இழப்பது இயல்பு. விலை குறைவான டயர், வயதான டயர், நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டி என்றால் சற்றுக் கூடும். சூடு ஏற ஏற ரப்பரின் ஊடுருவு தன்மையும் ஏறும் என்பதால், குளிர் நாட்டுக் கணக்கைவிட நம் ஊரில் இழப்பு அதிகமாகவே இருக்கும்.

காற்றில் 78 விழுக்காடு ஏற்கெனவே நைட்ரஜன்தான். ஆக்சிஜன் 21. இந்த ரப்பர் வழியாக ஆக்சிஜன், நைட்ரஜனைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாகக் கசியும். அளவில் ஐந்தில் ஒரு பங்கே இருந்தாலும், இழப்பில் கிட்டத்தட்ட பாதி ஆக்சிஜனால்தான் என்று கணக்கு வரும். அந்த ஆக்சிஜனை நீக்கிவிட்டால் இழப்பும் பாதியாகுமே என்று தோன்றும். அப்படி ஆகாது. உள்ளே ஆக்சிஜன் இல்லாவிட்டால், வெளியில் இருக்கும் ஆக்சிஜன் டயருக்குள் கசிந்து வரத் தொடங்கும். உள்ளே மொத்த அழுத்தம் அதிகம் என்பது அதைத் தடுக்காது. ஒவ்வொரு வாயுவும் தன் சொந்தப் பங்கு அழுத்தம், அதாவது கலவையில் அது மட்டும் தரும் அழுத்தம், குறைவாக உள்ள பக்கம்தான் போகும். நைட்ரஜனும் தன் வேகத்தில் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும், அதுவும் உள்ளே இப்போது அதிகமாக இருப்பதால் முன்பைவிடச் சற்றுக் கூடுதலாக. இவை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், சுத்த நைட்ரஜன் நிரப்பிய டயரின் இழப்பு சாதாரணக் காற்றின் இழப்பில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு.

சோதனையும் இதைத்தான் காட்டியது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2006 செப்டம்பர் தொடங்கி ஓராண்டு, 31 வகை டயர்களை வண்டியில் மாட்டாமல் வெளியில் வைத்துப் பார்த்தது. எல்லாம் 30 பிஎஸ்ஐ-யில் தொடங்கின. ஓராண்டு முடிவில் சாதாரணக் காற்று நிரப்பியவை சராசரியாக 3.5 பிஎஸ்ஐ இழந்திருந்தன, நைட்ரஜன் நிரப்பியவை 2.2. வித்தியாசம் ஒரு வருடத்துக்கு 1.3 பிஎஸ்ஐ. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையன் குழாயைப் பிடுங்கும்போது புஸ்ஸென்று போவதும், பல பங்குகளின் மீட்டரில் இருக்கும் பிழையும் இந்த அளவுக்கு வந்துவிடும்.

அந்தச் சோதனையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. நைட்ரஜன் போட்ட டயரும் இறங்கியது. அதையும் பார்க்கத்தான் வேண்டும்.

மெஷினில் உண்மையில் என்ன நடக்கிறது

கடையில் சிலிண்டர் கிடையாது. சாதாரண கம்ப்ரசர் காற்றையே மெஷினுக்குள் அனுப்பி, கார்பன் சல்லடை அல்லது மெல்லிய குழாய்ச் சவ்வு வழியாக ஆக்சிஜனைப் பிரிக்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள மெஷின் 95 விழுக்காட்டுக்கு மேல் நைட்ரஜன் தரும். ஆனால் அவசரப்படுத்தினால், அதாவது அதிக வேகத்தில் காற்றை இழுத்தால், சுத்தம் குறையும். கம்ப்ரசரிலிருந்து வரும் எண்ணெயும் ஈரமும் கார்பன் சல்லடையைக் கெடுத்துவிடும். அதற்கு முன்னால் இருக்கும் ஃபில்டரை நேரத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றாத கடையில் மெஷினின் விளக்கு மட்டும் அழகாக எரியும், வருவது முக்கால்வாசி சாதாரணக் காற்றுதான். சில மெஷின்களில் சுத்த அளவு திரையில் தெரியும். பார்த்துக் கேட்பதில் தவறில்லை.

இதைவிடப் பெரிய குறை, நிரப்பும் முறையில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். டயரில் 28 இருக்கிறது. அதன் மேலேயே 5 பிஎஸ்ஐ நைட்ரஜன் ஏற்றி 33 ஆக்குகிறார்கள். வெளிக்காற்றின் அழுத்தமான 14.7-ஐயும் சேர்த்துப் பார்த்தால் உள்ளே மொத்தம் 47.7. அதில் 42.7 பழைய காற்று. கலவையில் நைட்ரஜன் 78-லிருந்து 80 விழுக்காடு ஆகியிருக்கும், அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கியது அந்த இரண்டு விழுக்காட்டைத்தான்.

வால்வு பின்னை (வால்வுக்குள் திருகியிருக்கும், காற்றை அடைத்து நிற்கும் சிறு ஊசி) கழற்றி முழுதாக இறக்கினாலும் டயருக்குள் வெற்றிடம் வராது. வெளியில் உள்ள அதே அழுத்தத்தில் காற்று உள்ளே நிற்கும். அதன் மேல் 95 விழுக்காடு நைட்ரஜனை 33 வரை ஏற்றினால் கலவை 90-க்கு வரும். இன்னொரு முறை இறக்கி ஏற்றினால் 93. மூன்றாவது முறைக்கு அவசியமில்லை. ஆகவே சரியான சேவை என்றால் குறைந்தது இரண்டு சுற்று. அதுவும் வண்டியை லிஃப்டிலோ ஜாக்கியிலோ தூக்கி வைத்துச் செய்ய வேண்டும். தரையில் நிற்கும் வண்டியின் டயரை முழுதாக இறக்கினால் வண்டியின் எடை முழுவதும் பக்கச்சுவரில் உட்கார்ந்து அதை ரிம்மோடு சேர்த்து நசுக்கும். நான்கு சக்கரத்துக்கு இதெல்லாம் செய்ய நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் முடிந்தால் நடந்தது டாப்-அப்தான்.

"ஒரு தடவை நைட்ரஜன் போட்டா அப்புறம் சாதாக் காத்து கலக்கவே கூடாது" என்பதும் அடிக்கடி கேட்கும் எச்சரிக்கை. இதில் பயப்பட எதுவும் இல்லை. 93 விழுக்காட்டில் இருக்கும் டயரில் 3 பிஎஸ்ஐ சாதாரணக் காற்று ஏற்றினால் 92 ஆகும். நெடுஞ்சாலையில் காற்று குறைவாக இருப்பது தெரிந்தும், நைட்ரஜன் கடை வரட்டும் என்று இறங்கிய டயரோடு நூறு கிலோமீட்டர் ஓட்டுவதுதான் ஆபத்து. குறைந்த காற்றில் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடேறும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு அதிகக் காற்றைவிடக் குறைந்த காற்றே பெரும்பாலும் காரணம்.

விமானம், வெயில், துரு

விற்பனைப் பேச்சில் அடுத்து விமானம் வரும். "ஃபிளைட்டுக்கே நைட்ரஜன்தான் சார் போடுறாங்க." உண்மைதான், ஆனால் காரணம் வேறு. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோவில் போயிங் 727 ஒன்று விழுந்து 167 பேர் இறந்தார்கள். பிரேக் சூடேறி, சாதாரணக் காற்று நிரப்பிய டயர் உள்ளேயே தீப்பற்றி வெடித்ததுதான் அதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அதன் பிறகு அமெரிக்க விமானத்துறை, பெரிய விமானங்களின் டயரில் ஆக்சிஜன் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று விதித்தது. அந்த அளவுக்குப் பிரேக் சூடு நம் காரில் வராது. அதோடு, இரண்டு சுற்று செய்த கார் டயரில்கூட ஆக்சிஜன் அந்த 5 விழுக்காட்டுக்குள் அடங்காது.

வெயிலில் நைட்ரஜன் விரியாது என்பது முழுத் தவறு. நைட்ரஜனும் காற்றும் சூட்டுக்கு ஒரே மாதிரிதான் விரியும். 33 பிஎஸ்ஐ டயரில் பத்து டிகிரி செல்சியஸுக்கு ஒன்றரை பிஎஸ்ஐ மாறும், உள்ளே இருப்பது எதுவானாலும். சென்னையில் மே மாத மதியம் 38 டிகிரியில் நிற்கும் வண்டிக்கு 33 வைத்தால், டிசம்பர் விடியற்காலை 22 டிகிரியில் அது 30.5 காட்டும், ஒரு துளிகூட வெளியே போகாமல். மார்கழியில் "நாலு டயரும் ஒரே நேரத்துல இறங்கிடுச்சு" என்று வருபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

ஊட்டி போகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை. கீழே 35 டிகிரியில் 33 வைத்துக்கொண்டு மேலே 10 டிகிரிக்குப் போனால் குளிரால் மட்டும் ஏறக்குறைய 4 பிஎஸ்ஐ குறைய வேண்டும். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட மூன்றரை பிஎஸ்ஐ குறைவு. கேஜ், அதாவது காற்றை அளக்கும் மீட்டர், காட்டுவது உள் அழுத்தத்துக்கும் வெளி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, காலையில் ஓட்டல் வாசலில் பார்த்தால் 32-க்குக் கொஞ்சம் மேலே நிற்கும். மலையேறும் முன் காற்றைக் குறைக்க வேண்டியதும் இல்லை, மேலே போய்க் கூட்ட வேண்டியதும் இல்லை.

ஈரம் பற்றிச் சொல்வதில் மட்டும் நியாயம் இருக்கிறது. மெஷினிலிருந்து வரும் நைட்ரஜன் உலர்ந்தது. பல கடைகளின் கம்ப்ரசர் டாங்கியில் அடியில் உள்ள வடிகாலைத் திறந்து மாதக்கணக்காகியிருக்கும், தண்ணீர் அப்படியே குழாயில் வரும். வால்வு பின்னை அழுத்தினால் விரலில் ஈரம் படும். அந்த ஈரம் இரும்பு ரிம்மின் உட்புறத்துக்கும், டிபிஎம்எஸ் (காற்று குறைந்தால் டாஷ்போர்டில் எச்சரிக்கும் அமைப்பு) சென்சாருக்கும் நல்லதல்ல. ஆனால் இதற்கு மருந்து டாங்கித் தண்ணீரைத் தினமும் இறக்கிவிடும் கடையைத் தேர்ந்தெடுப்பதுதான்.

ஒரு சக்கரம் மட்டும் இறங்கினால்

நைட்ரஜன் கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையான தொல்லை இங்கேதான். நான்கும் ஒரே அளவாக மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ இறங்கினால் அது ஊடுருவலும் பருவநிலையும். ஒரு சக்கரம் மட்டும் மாதத்துக்கு மூன்று நான்கு பிஎஸ்ஐ இறங்கினால் எங்கோ கசிவு. ஒரே நாளில் இரண்டு பிஎஸ்ஐ போனால் ஆணி, அல்லது வால்வு. இதைப் பிரித்தறிய ஒரே கேஜ், அதே நேரம், அதாவது வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, நான்கு சக்கரத்தின் எண்ணையும் எழுதிவைத்து ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். கேஜ் ஒரு பிஎஸ்ஐ தவறாகக் காட்டினாலும் பரவாயில்லை, எல்லா முறையும் அதே தவறைக் காட்டும்.

முதலில் வால்வு. மூடியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரை வால்வு வாயில் ஒரு சொட்டு நிற்கும்படி வையுங்கள். பழைய மெக்கானிக்குகள் விரலில் எச்சில் தொட்டு வைப்பது இதற்குத்தான். குமிழி மெதுவாக உப்பினால் வால்வு பின் கெட்டுவிட்டது, அல்லது அதில் மண் சிக்கியிருக்கிறது. பின்னைத் திருகும் சிறு கருவியால் கழற்றிப் புதிதாக மாட்டலாம், சில ரூபாய் வேலை. வலுவாக முறுக்கக்கூடாது. அதன் சீல் மிகச் சிறியது, விரல் நுனி முறுக்குக்குச் சற்று மேலே இருந்தால் போதும்.

வால்வு பின் சரியாக இருந்தால், அடுத்து வால்வின் அடிப்பகுதி. ரிம்மோடு சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் அடித்து, வால்வை விரலால் பக்கவாட்டில் மடக்குங்கள். மடக்கும்போது மட்டும் குமிழி வந்தால் ரப்பர் விரிசல் விட்டிருக்கிறது. நின்றிருக்கும் வண்டியில் கசியாது, ஓடும்போது சக்கரம் சுற்றும் விசையில் வால்வு சாய்ந்து கசியும். "கடையில தொட்டியில முக்கிப் பாத்தாங்க, ஒண்ணுமே இல்லைன்னாங்க" என்ற புலம்பலுக்கு இது அடிக்கடி விடை. புது டயர் போடும் ஒவ்வொரு முறையும் ரப்பர் வால்வைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். சில கடைகள் கேட்காமல் மாற்றுவதில்லை. டயரின் விலைக்கு முன்னால் வால்வின் விலை ஒன்றுமே இல்லை, பிறகு மாற்ற டயரை மறுபடி பிரிக்க வேண்டும். டிபிஎம்எஸ் சென்சாரின் அலுமினிய வால்வுக்குப் பித்தளைப் பின் வேண்டாம், நிக்கல் பூசியது வேண்டும். அழகுக்காக விற்கும் உலோக மூடியும் அதில் வேண்டாம். இரண்டும் அரித்து ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது வால்வே உடைந்து வரும்.

மூன்றாவது பீடிங். டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் வட்டம். அலாய் வீலில், குறிப்பாகக் கடற்கரை ஊர் வண்டிகளில், ஐந்தாறு ஆண்டுகளில் அந்த இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடியாக அரிப்பு கிளம்பும். பெயின்ட் உப்பி, டயருக்கும் ரிம்முக்கும் நடுவே நூலளவு இடைவெளி விடும். இந்தக் கசிவு பெரிய குமிழியாக வராது. சோப்புத் தண்ணீர் அடித்துப் பத்து நிமிடம் காத்திருந்தால் விளிம்போரமாகச் சோற்றுக் கஞ்சி நுரை போல வெண்மையாக ஒரு கோடு திரளும். உட்பக்க விளிம்பையும் பார்க்க வேண்டும், அதற்குச் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். தீர்வு: டயரை இறக்கி, ரிம்மின் அந்த வட்டத்தைக் கம்பி பிரஷாலும் உரசும் பஞ்சாலும் வெறும் உலோகம் தெரியத் தேய்த்து, பீடிங் சீலரை மெல்லியதாகப் பூசி மாட்டுவது. சில கடைகளில் தேய்க்காமல் சீலரை மட்டும் அப்பிவிடுவார்கள். மூன்று மாதத்தில் பழைய கதை திரும்பும். வேலை முடிந்ததும் பாலன்சிங் செய்ய வேண்டும். அந்தக் காசையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

குழியில் விழுந்து ரிம் வளைந்திருந்தாலும் பீடிங்கில்தான் கசியும். இரும்பு ரிம்மைத் தட்டி நிமிர்த்தலாம். அலாய் ரிம்மைச் சூடாக்கித் தட்டி நிமிர்த்தும் இடங்கள் எல்லா ஊரிலும் உண்டு, விரிசல் விட்ட அலாயை அங்கே வெல்டிங் வைப்பதும் உண்டு. சிறு வளைவென்றால் சரி. வெல்டிங் வைத்த ரிம்மை முன் சக்கரத்தில் மாட்டி நெடுஞ்சாலையில் போகச் சொல்ல எங்களுக்கு மனம் வராது.

கடைசியாகப் பஞ்சர். ஆணி நின்ற இடத்திலேயே அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மெதுவாகக் கசிவது சகஜம். வீட்டிலேயே பிடுங்கிப் பார்க்காதீர்கள், கடைக்குப் போகும் வரை அதுதான் மூடி. சாலையைத் தொடும் ஓடுபகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் உள்ள ஓட்டைக்குத்தான் ரிப்பேர். பக்கச்சுவருக்கு ரிப்பேர் கிடையாது. ஓட்டைக்குள் வெளியிலிருந்து குத்தும் ரப்பர் கயிறு அவசரத்துக்கு நல்லது, பலருக்கு டயர் தேயும் வரை தாங்கவும் செய்கிறது. முறையான வேலை என்றால் டயரைப் பிரித்து உள்ளேயிருந்து காளான் வடிவ பிளக் வைப்பது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. உள்ளே மெஷினால் உரசும்போது கை தவறி இன்னர் லைனரைத் தாண்டிவிட்டால், பஞ்சர் அடைந்தாலும் காற்று அந்த உரசிய இடத்தில் நுழைந்து, டயரின் நூல்களுக்கிடையே ஓடி, எங்கோ பக்கச்சுவரில் பொடிக் குமிழிகளாக வெளிவரும். சம்பந்தமே இல்லாத இடத்தில் குமிழி கண்டால் பழைய பஞ்சர் ஒட்டைச் சந்தேகியுங்கள்.

பஞ்சரே வராது என்று சொல்லி டயருக்குள் ஊற்றும் திரவத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆணி ஓட்டையை அடைக்கும், ஒப்புக்கொள்கிறோம். வால்வு, பீடிங் கசிவுகளுக்கு நம்ப முடியாது. ஆணி ஏறியதே தெரியாமல் ஓட வைப்பதால், அந்த வழியே தண்ணீர் இறங்கி உள்ளே உள்ள இரும்புக் கம்பிப் பட்டையைத் துருப்பிடிக்க வைக்கும். நின்றால் அடியில் தேங்கி பாலன்ஸ் கெடும். பிறகு பஞ்சர் ஒட்ட வருபவர் முதலில் உங்களைத் திட்டுவார், அதில் நியாயம் உண்டு.

அதே காசுக்கு வேறென்ன வாங்கலாம்

சில முறை நைட்ரஜன் நிரப்பும் செலவில் ஒரு நல்ல கையடக்க கேஜ் வந்துவிடும். அதற்கு மேல் கொஞ்சம் போட்டால் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் காற்று பம்ப். டாஷ்போர்டு சாக்கெட்டில் செருகுவது 120 வாட்டுக்கு மிகாததாக இருக்கட்டும், அது பத்து ஆம்பியர் இழுக்கும். பேட்டரி கிளிப்பில் மாட்டும் பெரிய பம்ப் கார்களுக்கு அவசியமில்லை. 185/65 ஆர்15 போன்ற டயரில் ஏறத்தாழ 30 லிட்டர் இடம். 29-லிருந்து 33-க்கு ஏற்ற எட்டு லிட்டர் காற்றுதான் வேண்டும், சாதாரண பம்பே ஒரு நிமிடத்தில் செய்துவிடும். அட்டையில் நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று போட்டிருந்தால் அது எதிர் அழுத்தம் இல்லாதபோது கிடைப்பது. டயருக்குள் தள்ளும்போது அதில் பாதி கிடைத்தாலே நல்ல பம்ப்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று. கேட்ட அளவில் தானாக நிற்க வேண்டும். குழாய் முனை திருகு வகையானால் கழற்றும்போது ஒரு பிஎஸ்ஐ வரை போகும், அழுத்திப் பூட்டும் முனை மேல். தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓடலாம் என்று கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் பத்துப் பதினைந்து. அதைத் தாண்டினால் பிஸ்டன் முனையில் குழாய் உருகும். மோட்டார் ஓடும்போது திரை காட்டும் எண்ணை நம்பாதீர்கள், நிறுத்திவிட்டுப் படியுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

இந்தப் பம்பின் உண்மையான பயன் காற்றடிப்பது மட்டுமல்ல. விடியற்காலையில், டயர் சூடேறும் முன், வீட்டு வாசலில் அளக்க முடிகிறது. பங்குக்கு ஓட்டிப் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகி மூன்று நான்கு பிஎஸ்ஐ ஏறியிருக்கும். அங்கே 33 வைத்தால் மறுநாள் காலை 29 அல்லது 30. அதற்குப் பிறகு "காத்து தானா இறங்குது" என்று நைட்ரஜன் கடைக்குப் போகிறார்கள். வேறு வழியில்லாமல் சூடாக அடித்தால் நான்கு கூட்டி வையுங்கள். சூடான டயரில் எண் அதிகம் காட்டுகிறது என்று இறக்கிவிட வேண்டாம். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடிக்குள்ளோ ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் 44 அல்லது 51 அதன் உச்ச வரம்பு, நிரப்ப வேண்டிய அளவு அல்ல.

டிபிஎம்எஸ் விளக்கு இருக்கிறதே என்பவர்களுக்கு: அமெரிக்க விதியே கால் பங்கு குறைந்த பிறகு எரிந்தால் போதும் என்கிறது. 33 என்றால் 25-க்கு வரும்வரை அது சும்மா இருக்கலாம். எண்ணைக் காட்டும் வகை டிபிஎம்எஸ் இருந்தால் விளக்கை விட்டுவிட்டு, வாரம் ஒரு முறை காலையில் எண்ணைப் பாருங்கள்.

நைட்ரஜன் பொருந்தும் ஓர் இடம்

புது டயர் வாங்கும்போது இலவசமாகப் போட்டுத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. தனியாகக் காசு கொடுத்துப் போடுவதற்குத் தகுதியான சக்கரம் ஒன்றே ஒன்றுதான், ஸ்டெப்னி. அதை யாரும் மாதாமாதம் பார்ப்பதில்லை. டிக்கியில் மெல்லிய சிறு ஸ்டெப்னி உள்ள கார்களில் அதற்கு 60 பிஎஸ்ஐ வேண்டும். அழுத்தம் அதிகமாக அதிகமாக ஊடுருவலும் அதே விகிதத்தில் கூடும், நைட்ரஜனால் மிச்சமாவதும் கூடும். இரண்டு சுற்று செய்யச் சொல்லி, முழு அளவு ஸ்டெப்னி என்றால் ஸ்டிக்கரில் உள்ள உச்ச அளவைவிட இரண்டு மூன்று கூட்டி வைத்துவிடுங்கள். மாட்டும்போது இறக்கிக்கொள்வது சுலபம், சாலையோரத்தில் ஏற்றுவதுதான் கஷ்டம். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியானால் ஒவ்வொரு சர்வீஸின்போதும் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தாங்கும் சங்கிலியும் துருப்பிடித்து இறங்காமல் நிற்பது உண்டு.

2020-இல் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு, டிபிஎம்எஸ்ஸும் பஞ்சர் கிட்டும் இருந்தால் 3.5 டன் வரையிலான கார்களுக்கு ஸ்டெப்னியே கட்டாயமில்லை. அப்படி ஸ்டெப்னி இல்லாமல் வந்த வண்டி உங்களுடையது என்றால், டிக்கியில் இருக்கும், ஓட்டையை அடைக்கும் சீலன்ட் பாட்டிலின் காலாவதித் தேதியைப் பாருங்கள்.